இன்றைய உபயம்

அம்புஜவல்லியைப் பற்றி ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதையெல்லாம் தள்ளுங்கள். அவளைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற பாத்தியதை வேறு யாருக்கும் கிடையாது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஜெராக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் போடுகிற கடை என்னுடையது. பெயர் பானுமதி. வாய் நீளம் என்று இன்னொரு பெயரும் கூடவே உண்டு. கடை வைத்திருக்கும் பொம்பளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஜெராக்ஸ் மெஷினையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது என் கட்சி.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அவள் என் கடை மூலையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பி.சி.ஏ. படித்தவள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஒல்லி உடம்பு, சத்தமில்லாத நடை, கொண்டையில் செருகிய பென்சில். அவளுக்குக் கோபமே வராது. திட்டினால்கூட "அப்படிங்களாக்கா" என்று கேட்டுக்கொண்டு, தான் நினைத்ததைத்தான் செய்வாள். அந்த ரகத்திடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கூடப் படித்தவர்கள் மெட்ராஸ், பெங்களூர் என்று கிளம்பிவிட, இவள் மட்டும் இங்கேயே வெப்சைட் செய்து பிழைப்பேன் என்று நின்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏண்டி, இந்த ஊருல மளிகைக் கடைக்காரன் போர்டுல எழுத்து அழிஞ்சுபோனாக்கூட பெயிண்ட் அடிக்க மாட்டான். அவனா ஒங்கிட்ட வந்து வெப்சைட்டு கேக்கப் போறான்?"

"கேக்க வைக்கறேங்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

அவள் அப்பா குருமூர்த்தி, ஒரு ரைஸ் மில்லில் குமாஸ்தா. நல்ல மனுஷன்தான். ஆனால் கண்ணால் பார்க்க முடியாத எதையும் வேலை என்று ஒத்துக்கொள்ள மாட்டார். மங்கலம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டு, நேராக என் கடைக்கு வந்து கெடு வைத்தார்.

"தோ பாரும்மா, கார்த்திகை தீபம் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள நீ பண்றதும் ஒரு வேலைதான்னு நாலு பேரு வந்து எங்கிட்ட சொல்லணும். இல்லன்னா அரையாண்டு லீவு முடிஞ்சதும் ஸ்கூலுக்குப் போயிடணும். நான் வாக்கு குடுத்துட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். அவர் பஸ் ஏறியபிறகு பாத்ரூமுக்குள் போய் ரொம்ப நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. டீச்சர் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் மனசு ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக ஆயுசு முழுக்க உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே நான் அவள் கட்சிக்கு மாறிவிட்டேன்.

வந்து சேர்ந்த ஒரே கிராக்கி பீங்கான்காரர்கள். எங்கள் ஊரில் சூளைக்குப் பஞ்சமில்லை. ஃபியூஸ் கட்டை செய்கிறவர், பொம்மை செய்கிறவர், அகல் விளக்கு செய்கிறவர் என்று சின்னச் சின்னப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் செக்ரட்டரி ஆதிநாராயணன் கூட்ட நோட்டீஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது அம்புஜவல்லி அவரைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கும் ஒரு தேவை இருந்தது. கோயமுத்தூரில் பல கடைகள் வைத்திருக்கும் ஒரு வியாபாரி, கார்த்திகைக்கு விளக்கு வேண்டும், உங்கள் சாமான்களை நெட்டில் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"பண்ணிக் குடும்மா, பாப்போம்" என்றார் ஆதிநாராயணன். "நல்லா வந்துதுன்னா வருஷா வருஷம் ஒன்னையே வச்சுக்கறோம். சங்கக் கட்டடத்துலயே ஒரு ரூமும் தரோம்."

அந்த ரூம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

வெப்சைட்டுக்குத் தீம் என்று ஒன்று உண்டாம். பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்று சொல்வது அதுதான். ஒவ்வொரு பகுதியையும் தீமுக்குள்ளேயே 'கோடு' என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால் சுவரில் பதித்த அலமாரி மாதிரி. எழுதியவளைத் தவிர வேறு யாரும் அசைக்க முடியாது. முதலில் அவள் அப்படித்தான் செய்தாள். ஆடியில் வெப்சைட் வந்தது. பட்டறைக்கு ஒரு பெட்டி: பெயர், போட்டோ, போன் நம்பர். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அதன்பிறகு ஆரம்பித்தது அக்கப்போர். ஒருத்தருக்குப் போன் நம்பர் மாறிவிட்டது. இன்னொருத்தருக்குப் போட்டோவில் பொம்மையின் மூக்கு சரியில்லை. மூன்றாவது ஆளுக்குத் தன் பெயருக்கு முன்னால் 'உயர்திரு' போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் என் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். மதியமானால் கரண்ட் போய்விடும். கரண்ட் வரும்வரை நான் அவர்களுக்கு டீ சொல்ல வேண்டும். நான் நடத்துவது கடையா, சத்திரமா?

"இதுக்கு ஒரு வழி பண்ணுடி" என்று கத்தினேன்.

வழி இருக்கிறது என்றாள். அதன் பெயர் விட்ஜெட். தீமில் காலி இடம் விட்டுவிட்டு, அதற்குள் பெட்டிகளை வைத்துவிட்டால், அவரவரே உள்ளே நுழைந்து எழுத்தையும் படத்தையும் மாற்றிக்கொள்ளலாம். மௌஸால் பிடித்து மேலே கீழே இழுத்தும் வைக்கலாம். கோடு தெரிய வேண்டியதில்லை. அவள் ஆவணி முழுக்க உட்கார்ந்து தீமைப் பிரித்துப்போட்டு, இருந்த எல்லாவற்றையும் விட்ஜெட்டாக மாற்றினாள். வெளியூர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதி அனுப்புகிற ஆர்டர் பகுதியைக்கூட விடவில்லை. அங்கேதான் சறுக்கினாள்.

பாஸ்வேர்டு ஒன்றுதான். அதை ஆதிநாராயணனிடம் தனியாகக் கொடுத்து, "சார், உங்களோட இருக்கட்டும். மாத்தணும்னு வர்றவங்கள நீங்களே உள்ள வுடுங்க" என்று சொல்லியிருந்தாள். அந்த மகானுபாவர் என்ன செய்தார் தெரியுமா? சங்கக் கட்டட வாசலில் இருக்கும் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப்போட்டுவிட்டார். உறுப்பினர் அனைவரும் அவரவர் பெட்டியை அவரவரே மாற்றிக்கொள்ளவும், இப்படிக்குச் செயலாளர். ஏன் சார் என்று கேட்டால், "சங்கத்துல ஒளிவு மறைவு கூடாதும்மா" என்கிறார்.

பட்டறைக்காரர்கள் விட்ஜெட்டைப் பிஸ்கட்டு என்றார்கள். அவர்கள் பாஷையில் பிஸ்கட் என்றால் தின்கிற பண்டம் இல்லை. ஒரு சூடு வெந்து, பளபளப்பு ஏற்றாமல் நிற்கிற சாமான். அதை எடுத்துத் திருப்பலாம், தேய்க்கலாம், மாற்றலாம். அந்த உரிமையோடுதான் இதிலும் கை வைத்தார்கள்.

முதல் ஆள் பக்கிரி. ஃபியூஸ் கட்டைக்காரர். பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, தன் பெட்டியைப் பிடித்து எல்லாருக்கும் மேலே இழுத்து வைத்துவிட்டு, கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அது பொம்மைக்காரர் பழமலை காதில் விழுந்தது. நவராத்திரி நேரத்தில் பொம்மைக்கு மேலே ஃபியூஸ் கட்டையா என்று அவர் போய்த் தன் பெட்டியை மேலே இழுத்தார். மறுநாள் இன்னொருத்தர். அதற்கு மறுநாள் இன்னும் ரெண்டு பேர். ஊர் கூடி இழுத்தால் தேர் நகரும் என்பார்கள். இங்கே ஊர் கூடி ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. காலையில் ஒரு முகம், டீ வேளைக்கு ஒரு முகம் என்று வெப்சைட் மாறிக்கொண்டே இருந்தது. வெப்சைட்டே வேண்டாம் என்று சொன்ன ஆட்கள்தான் இப்போது வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முதல் மரியாதைக்காக. கோயிலில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று அடித்துக்கொள்கிற ஊருக்கு மௌஸைக் கையில் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

அகல் விளக்குக்காரி கொளஞ்சியம்மாள் ஒருத்திதான் எதையும் இழுக்கவில்லை. அவள் பெட்டி கீழே கீழே போய்க் கடைசியில் நின்றது. கோயமுத்தூர்க்காரருக்கு வேண்டியதோ அகல் விளக்கு!

தீபாவளி கழிந்த மறுநாள் ஆதிநாராயணன் மூச்சிரைக்க என் கடைக்கு ஓடிவந்தார்.

"கோயமுத்தூர்காரரு போன் பண்ணாரு. ஆர்டர் எங்கங்க எழுதறதுன்னு கேக்கறாரு. எடமே இல்லையாம்!"

அம்புஜவல்லி உள்ளே நுழைந்து பார்த்தாள். ஆர்டர் பகுதியைக் காணோம். யாரோ அதை இழுத்து, பயன்படாத பெட்டிகள் கிடக்கும் மூலையில் போட்டிருந்தார்கள். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு அது இருந்த தடமே தெரியாது. விசாரித்ததில் பக்கிரி மார்பைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"நாந்தான் தூக்கிப் போட்டேன். இப்ப இன்னாங்கறே? நம்ம பீங்கான் சங்கத்துல ஃபார்முக்காரனுக்கு இன்னா வேலை?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த ஃபார்முக்காரங்க?" என்று கேட்டாள் அம்புஜவல்லி.

"அதான் ஆர்டர் ஃபார்மு, ஆர்டர் ஃபார்முன்னு ஒருத்தன் தெனம் நம்ம தலைக்கு மேல ஏறி ஒக்காந்திருக்கான். கோழி ஃபார்மோ மாட்டு ஃபார்மோ, காசு வாங்கிக்கினு ஒங்க செக்ரட்டரி உள்ள வுட்டுட்டாருன்னு நெனைச்சேன். தூக்கிக் கடாசிட்டேன்."

அந்தப் பெட்டியின் தலைப்பில் தமிழில் 'ஆர்டர் ஃபார்ம்' என்றுதான் போட்டிருந்தது. மனுஷன் எழுதியிருந்ததைத்தான் படித்திருக்கிறார்! எனக்கு வந்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. ஆனால் அம்புஜவல்லி சிரிக்கவில்லை. ஆதிநாராயணனும் சிரிக்கவில்லை.

"தோ பாரும்மா" என்றார் அவர். "திங்கக்கெழம அவரு மறுபடி பாக்கறேன்னு சொல்லியிருக்காரு. அன்னிக்கும் சரியா இல்லன்னா வேற ஊருல வாங்கிக்கறாராம். எங்க ஆளுங்க மெட்ராஸ் கம்பெனிகிட்ட குடுத்துடலாம்னு சொல்றாங்க. ஒண்ணு செய். பழையபடி எல்லாத்தையும் கெட்டியா கட்டிப் போட்டுடு. எவனும் கை வைக்க முடியாம."

"கட்டிப் போட்டா யாரை சார் மொதல்ல வைக்கறது?"

"அகர வரிசையில வையி."

பக்கிரி துள்ளிக் குதித்தார். "அகர வரிசையா? நாளைக்கே எம் பட்டறைக்கு 'அ அ செராமிக்ஸ்'னு பேரு மாத்தறேன், பாக்கறியா?" அதற்குள் அங்கே வந்து நின்றிருந்த பழமலை, பட்டறை ஆரம்பித்த வருஷப்படி வைக்கட்டும், நான்தான் மூத்தவன் என்றார். இருவரும் என் கடைக்குள்ளேயே கையை ஓங்கிக்கொண்டார்கள். இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறேன் என்று நான் எழுந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. வாசல்படி இறங்கிய பக்கிரி, அதே கோபக் குரலில், பழமலையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குச் சஷ்டில ஒங்க உபயம்தானே? சாயங்காலம் வந்துடறேன்."

"வா வா. பொங்கலும் சுண்டலும். மறுநாள் ஒன்னுதுதானே? வூட்டோட வந்துடறோம்" என்றார் பழமலை. அதற்குப்பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் போனார்கள்.

"கூறு கெட்டதுங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்புஜவல்லி கொண்டையிலிருந்து பென்சிலை உருவிவிட்டாள். முடி அவிழ்ந்து தொங்கியது. அதை அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, கோயில் உபயத்துக்கு இவங்க சண்டை போட்டுக்கலியே."

"அங்க எதுக்குடி சண்டை? ஆளுக்கொரு நாளு இருக்குதில்ல."

"அதாங்க்கா!" என்றாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

அடுத்த நாட்களில் அவள் செய்ததெல்லாம் எனக்கு முழுசாக விளங்கவில்லை. கரண்ட் இருந்தால் தட்டினாள். கரண்ட் போனால் கண்ணை மூடி உட்கார்ந்து விரலால் மேஜையைத் தட்டினாள். சனிக்கிழமை சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். துணைக்கு நானும் போனேன். ஆம்பளைகள் நிறைந்த கூடத்தில் அவள் குரல் எடுபடாமல் போனால் நான் எடுத்துக்கொடுக்கலாம் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். தேவைப்படவில்லை.

"ஐயா, அண்ணா, எல்லாருக்கும் வணக்கங்க" என்று தொடங்கினாள். "எல்லாத்தையும் கட்டிப் போடுன்னு சிலபேரு சொல்றீங்க. எல்லாத்தையும் எங்க கையில வுட்டுடுன்னு சிலபேரு சொல்றீங்க. ரெண்டும் வேணாங்க. நம்ம கோயில்ல மூலவரு இருக்காரு. அவர யாராச்சும் நகத்துவாங்களா?"

"அதெப்படி நகத்துவாங்க?" என்றது ஒரு குரல்.

"உற்சவரு?"

"அவரு புறப்பாடு போவாரு."

"அவ்ளோதாங்க வெப்சைட்டும். சங்கத்துப் பேரு, விலாசம், போன் நம்பரு, ஆர்டர் எழுதற எடம், இதெல்லாம் மூலவரு. தீமுலயே எழுதிட்டேன். இனிமே யார் வந்து இழுத்தாலும் அசையாது. அந்த ஆர்டர் எடத்துக்குப் பேரையும் மாத்திட்டேன். 'பொருள் வேண்டுவோர் இங்கே எழுதவும்'. ஃபார்மு இல்லைங்க."

கூடம் சிரித்தது. பக்கிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்துவைத்தார்.

"ஒங்க பெட்டிங்க எல்லாம் உற்சவரு. அது விட்ஜெட்டாவே இருக்கட்டும். ஒங்க போட்டோ, ஒங்க எழுத்து, நீங்களே அலங்காரம் பண்ணிக்குங்க. ஆனா யாரு மொதல்லங்கறத நீங்களும் இழுக்க முடியாது, நானும் இழுக்க மாட்டேன். தெனம் ஒருத்தரு. தேதியப் பாத்து வெப்சைட்டே மாத்திக்கும். அன்னிக்கு யாரு மொதல்ல நிக்கறாங்களோ, அவங்க தலைக்கு மேல 'இன்றைய உபயம்'னு வரும்."

பழமலை எழுந்து கேட்ட ஒரே கேள்வி: "மொத நாளு யாருது?"

பாருங்கள், எதிர்ப்பு இல்லை! உபயம் என்ற சொல்லுக்கு எதிர்ப்பு சொல்ல அங்கே யாருக்கும் நாக்கு எழவில்லை. திருவுளச்சீட்டு போட்டார்கள். பெயர்களை எழுதிக் குலுக்கி, கொளஞ்சியம்மாளை எடுக்கச் சொன்னார்கள். முதல் நாள், அதாவது திங்கட்கிழமை, பக்கிரி.

மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மொத நாளே நானா? எம் போட்டோவுல பூசணம் புடிச்ச மாதிரி இருக்குதே!" கூட்டம் முடிவதற்குள் எழுந்து ஸ்டூடியோவுக்கு ஓடினார்.

கூட்டம் கலைந்ததும் ஆதிநாராயணன் அம்புஜவல்லியை ஓரமாக அழைத்தார்.

"ஏம்மா, திங்கக்கெழம வர்றவரு வெளக்கு வாங்க வர்றாரு. மொதல்ல ஃபியூஸ் கட்டையக் காட்டுனா நல்லாவா இருக்கும்? அன்னிக்கு ஒரு நாளு மட்டும் கொளஞ்சியம்மாவ மேல தூக்கிடு. ஒன்னால முடியுமில்ல?"

"முடியும் சார்" என்றாள். "பண்ண மாட்டேன்."

"அடியே!" என்றேன் நான்.

"ஒரு தடவ நான் இழுத்தா, இழுக்கலாம்னு ஆயிடும். அப்புறம் ஊரே இழுக்கும். சீட்டு போட்டது போட்டதுதான் சார்."

"இந்த ஆர்டர் போனா சங்கம் ஒன்ன வச்சிக்காது."

"தெரியும் சார்."

வீம்பு பிடித்த கழுதை என்று வாய்க்குள் திட்டினேன். திட்டும்போதே பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

திங்கட்கிழமை காலை நான் கடையைத் திறக்கும்போதே குருமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மகளும் பக்கத்தில். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கே வந்து பேசிவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம், பதினோரு மணி பஸ்ஸுக்கு மங்கலம்பேட்டை போக வேண்டுமாம். கார்த்திகை வரைக்கும் என்று சொன்னீர்களே என்று நான் பிடித்துக்கொண்டேன். "அவங்க அவசரப்படறாங்களேம்மா. இங்க என்னா நடக்குதுன்னுதான் நானும் பாக்கறேனே" என்றார். அவர் பார்த்த திசையில், அதற்குள் உள்ளே போய்விட்ட அம்புஜவல்லி கம்ப்யூட்டர் முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் நடக்கவில்லைதான்.

வெப்சைட்டைத் திறந்தாள். இன்றைய உபயம்: பக்கிரி. கீழே புதுப் போட்டோவில் தலைவாரி விபூதி வைத்த பக்கிரி. பக்கத்தில் அடுக்கிய ஃபியூஸ் கட்டைகள். அதற்கும் கீழே, அவரே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தட்டச்சு செய்த வரிகள், எழுத்துப் பிழையோடு. அம்புஜவல்லி படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு "அக்கா, இங்க வாங்களேன்" என்றாள்.

"வனக்கம். இன்று நம்ம உபயம். அகல் வெளக்கு வேனும் என்பவர்கள் கொளஞ்சியம்மாள் பெட்டியை பார்க்கவும், அது போல வெளக்கு எங்கும் கிடையாது. பொம்மைக்கு பழமலை. எல்லாரும் நம்ம ஆளுங்கதான். வந்தவங்க வெறும் கையா போவ வேனாம்."

பழமலையா! பக்கிரி தன் கையால் பழமலை பெயரை எழுதியிருக்கிறார்! நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்தரைக்கு ஆர்டர் வந்தது. அசையாத அந்த இடத்தில் கோயமுத்தூர்க்காரர் எழுதியிருந்தார். அகல் விளக்கு, அவருடைய எல்லாக் கடைகளுக்கும். கொளஞ்சியம்மாள் ஒருத்தி சூளையால் ஆகாது, இன்னும் நாலைந்து பட்டறை சேர்ந்து சுட்டால்தான் உண்டு. கூடவே, தைப்பொங்கலுக்குப் பொம்மை அனுப்ப முடியுமா என்று ஒரு கேள்வியும்.

அம்புஜவல்லி ஆதிநாராயணனுக்குப் போன் செய்து முடிப்பதற்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. கொளஞ்சியம்மாள் வந்து அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, விரலை நெரித்தாள், படபடவென்று. "எந்தாயே, எம் பொட்டி யாரையும் முந்தாமயே ஜெயிச்சிடுச்சே!" என்று அழுதாள். பழமலை பக்கிரியின் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்.

"எம் பேர எதுக்குய்யா எழுதுன?" என்று பழமலை கேட்க, பக்கிரிக்கு வந்ததே கோபம்!

"பின்ன? நம்ம உபயத்தன்னிக்கு வந்தவன் வெறுங்கையோட போனா அசிங்கம் யாருக்கு? ஒனக்கா, எனக்கா?"

ஆதிநாராயணன் சங்கக் கட்டட ரூமின் சாவியை அவள் கையில் வைத்தார். வெள்ளையடிக்க வேண்டும், பல்லி ஜாஸ்தி என்றார். கரும்பலகையை அழித்தாயிற்று என்றும் சொன்னார். அதற்குள் ஆளாளுக்கு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு எப்போது உபயம், என் போட்டோவை எப்படி மாற்றுவது, என் மச்சானுக்குத் திட்டக்குடியில் உரக்கடை, அவனுக்கும் ஒன்று பண்ணித் தருவாயாம்மா. சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு அவள் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குருமூர்த்தி பெஞ்சிலிருந்து எழுந்தார். பதினோரு மணி பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனதைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவரை யாரென்று தெரியாமலே பக்கிரி அவர் கையைப் பிடித்து, "பெரியவரே, இந்தப் பொண்ணு இல்லன்னா நாங்க அடிச்சிக்கினு செத்திருப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். குருமூர்த்தி என் மேஜையில் இருந்த போனைப் பார்த்து, பண்ணலாமா என்று ஜாடையில் கேட்டார். பண்ணுங்கள் என்றேன்.

சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நம்பரைத் தட்டினார். கடையில் இருந்த சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"சார், நான் குருமூர்த்தி பேசறேன், ஸ்ரீமுஷ்ணம். மன்னிக்கணும். எம் பொண்ணு ஸ்கூலுக்கு வர மாட்டாளுங்க... ஆமாங்க, வாக்கு குடுத்தேன், தப்புதாங்க... இல்லைங்க சார், கல்யாணமெல்லாம் இல்லைங்க. வேலைங்க. அவளுக்கு இங்க வேலை இருக்குதுங்க!"